இரத்மலானை: பக்கத்தில் இருந்தும் எட்டாத விமான நிலையம்

சித்தியைத் தராசில் ஏற்றினார்கள். கைப்பையைக் கீழே வைக்கப் போனவரைத் தடுத்து, "அதையும் தூக்கிக்கொண்டே நில்லுங்கள் அம்மா" என்றார் சீருடைக்காரப் பையன். சிறிய விமானம், பத்துப் பன்னிரண்டு பேர்தான் ஏற முடியும். ஆளின் எடையும் பெட்டியின் எடையும் கூட்டிப் பார்த்துத்தான் யாரை எங்கே உட்கார வைப்பது என்று தீர்மானிப்பார்கள். சித்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. தராசின் முள் காட்டியதை என்னிடம்கூட மறைத்துவிட்டார். கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை விமான நிலையத்துக்கு ஓட்டோவில் வந்து சேர்ந்து அப்போது அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் யாழ்ப்பாணம், மத்தியானச் சாப்பாடு வீட்டில் என்பது திட்டம்.

விமானம் போகவில்லை. முதலில் வடக்கில் மழை என்றார்கள். பிறகு எஞ்சினில் ஏதோ பார்க்க வேண்டும் என்றார்கள். பத்தரை மணிக்கு, இன்று சேவை இல்லை என்று காசைத் திருப்பித் தருவதற்கான படிவத்தை நீட்டினார்கள். "அடுத்தது எத்தனை மணிக்கு?" என்று சித்தி கேட்டார். அடுத்தது நாளை மறுநாள். அன்றிரவு பம்பலப்பிட்டியில் சொகுசு பஸ் ஏறிய சித்தி விடிவதற்குள் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிட்டார், கேக் பெட்டி சற்று நசுங்கியிருந்ததோடு சரி.

இரத்மலானை விமான நிலையத்தின் வணிக எதிர்காலம் பற்றி மேசை நிறைய அறிக்கைகள் எழுதலாம். சித்தியின் அந்த ஒற்றைக் கேள்வியைத் தாண்டி எந்த அறிக்கையும் போக முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரிய விமான நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் சின்ன விமான நிலையம் விற்பது அண்மையை. பயணி வாங்க விரும்புவதோ, தவறவிட்டால் ஏறிக்கொள்ள இன்னொரு விமானம்.

முதலில் இருந்தது இதுதான்

இன்றைய பன்னாட்டு விமான நிலையமான கட்டுநாயக்க பிறப்பதற்கு முன்பே கொழும்பின் விமான நிலையம் இரத்மலானைதான். 1935 நவம்பர் 27 அன்று அங்கே முதன்முதலில் தரையிறங்கியது, சென்னை விமானப் பயிற்சிக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஓட்டி வந்த ஒரு சின்னஞ்சிறிய டி ஹாவிலண்ட் புஸ் மொத் விமானம். தேசிய விமான நிறுவனமான எயார் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் சேவையை இங்கிருந்தே தொடங்கியது. டக்கோட்டா விமானத்தில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து சென்னை என்பது பாதை. இந்நாட்டின் முதல் வணிக விமானப் பாதை கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே கோட்டில் கோத்திருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். முக்கால் நூற்றாண்டு கழித்தும் இரத்மலானைக்கு ஏற்ற பாதை எது என்று கேட்டால் விடை கிட்டத்தட்ட அதேதான். அதற்குப் பின்னால் வருவோம்.

ஜெட் யுகம் வந்ததும் ஓடுபாதை போதாமல் போயிற்று. உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படைத் தளமாக இருந்த கட்டுநாயக்க, கனடாவின் உதவியோடு விரிவாக்கப்பட்டு 1960களின் பிற்பகுதியில் பன்னாட்டுச் சேவைகள் அனைத்தையும் வாங்கிக்கொண்டது. இரத்மலானைக்கு மிஞ்சியவை விமானப்படை, பயிற்சிப் பள்ளிகள், உள்நாட்டுச் சேவை. போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 வீதி மூடப்பட்டு ரயிலும் நின்றுபோன ஆண்டுகளில் அந்த உள்நாட்டுச் சேவைதான் யாழ்ப்பாணத்தாரின் உயிர்நாடி. வேறு வழி கப்பல் மட்டும். மரண வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்காகக் கால்கடுக்க நின்று பறந்த தலைமுறை இன்னும் வெள்ளவத்தையில் இருக்கிறது. 1998 செப்டெம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலில் வீழ்ந்ததையும் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. பயணிகளின் தயக்கத்தை எந்தக் கணக்குப் பதிவேட்டிலும் எழுத முடியாது. ஆனால் அதுவும் சந்தை நிலவரத்தில் அடங்கும்.

ஓடுபாதையின் நீளம் சொல்வது

இரத்மலானையின் ஓடுபாதை ஏறத்தாழ 1,830 மீற்றர். கட்டுநாயக்கவில் 3,350 மீற்றர். ஒரு பக்கம் காலி நகருக்குப் போகும் காலி வீதியும் நெருக்கியடித்த குடியிருப்பும், மறுபக்கம் அத்திடியப் பக்கத்துச் சதுப்பு நிலமும் வீடுகளும். நீட்டிக்க இடமில்லை. நீட்டிக்கலாம் என்று யாராவது சொன்னால், எத்தனை வீடுகளை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

இந்த நீளத்தில் ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம், கொழும்பின் வெக்கையில், முழு எரிபொருளும் முழுச் சுமையும் ஏற்றி வசதியாக இயங்க முடியாது. சுமையைக் குறைத்தால் பறக்கலாம். சுமையைக் குறைப்பது என்றால் இருக்கைகளை வெறுமையாக விடுவது. அதைச் செய்ய எந்த நிறுவனத்துக்கும் பைத்தியமில்லை. ஆனால் 70 சொச்சம் இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். 72 போன்ற சுழல்விசிறி விமானத்துக்கு 1,830 மீற்றர் தாராளம். சென்னை, திருச்சி, திருவனந்தபுரம், மாலே எல்லாம் அதன் பறப்பு எல்லைக்குள் வருகின்றன. ஆகவே ஓடுபாதைதான் இரத்மலானையைக் கொன்றது என்ற பழைய வாதம் பாதிதான் உண்மை. ஐரோப்பாவுக்குப் பறக்க முடியாது, சரி. கொழும்புத் தமிழர்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை போய்வரும் ஊர்களுக்குத் தாராளமாகப் பறக்கலாம்.

சிக்கல், அந்த விமானம் யாரிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஸ்ரீலங்கன் நிறுவனத்திடம் இருப்பவை எல்லாம் ஏர்பஸ் ஜெட்கள். இரத்மலானையில் சின்ன விமானங்களோடு வளர்ந்த ஃபிட்ஸ்எயார் என்ற தனியார் நிறுவனம்கூட 2022 அக்டோபரில் துபாய்க்கு ஏ320 பறக்கவிட்டபோது கட்டுநாயக்கவுக்குத்தான் போனது. தவறு சொல்ல முடியாது. ஆக இரத்மலானைக்கு ஏ.டி.ஆர். கொண்டுவரக் கூடியவர்கள் இந்திய நிறுவனங்கள்தான். அவர்கள் ஏற்கனவே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார்கள்.

பலாலி எடுத்துக்கொண்ட பங்கு

பலாலி 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயாரின் ஏ.டி.ஆர். சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையும் சேர்ந்தது.

வடக்கிற்கு இது நல்ல செய்தி. இரத்மலானைக்கு அவ்வளவு நல்ல செய்தி அல்ல. முன்பெல்லாம் கோப்பாயிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகும் ஒருவர் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கி, கட்டுநாயக்க போய்ப் பறப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து இரத்மலானை, இரத்மலானையிலிருந்து சென்னை என்று அந்தப் பயணத்தைப் பிடித்திருந்தால் இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று தாங்கியிருக்கும். இப்போது அவர் நேரே பறக்கிறார். ஆக உள்நாட்டுச் சேவைக்கு மிஞ்சுவது கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே மட்டும் போய்வருபவர்கள். அங்கே எதிராளி இரவு பஸ். காலி வீதியில் வாசலிலேயே ஏறலாம், பெட்டிக்கு எடைக் கணக்கு இல்லை, தூங்கி எழுந்தால் ஊர். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்ட ரயிலும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் மனுஷியின் பையில் முருங்கைக்காயும் ஒடியலும் ஒரு சாக்கு மாம்பழமும் இருக்கும் என்பதை விமானக் கம்பனிகள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகின்றன. பஸ் மதிப்பிடுவதில்லை, மேலே போட்டுக் கட்டிவிடுகிறது.

2022இல் நடந்த சோதனை

பன்னாட்டுச் சேவை இரத்மலானைக்குத் திரும்பியது 2022 மார்ச் 27 அன்று. அரை நூற்றாண்டுக்குப் பிறகு. மாலைதீவு நாட்டின் விமானம் மாலேயிலிருந்து வந்து இறங்கியபோது தண்ணீர் பீய்ச்சி வரவேற்றார்கள். விமான நிறுவனங்களை இழுக்கக் கட்டணச் சலுகைகளும் அறிவிக்கப்பட்டன.

பாதைத் தெரிவைக் குறை சொல்ல மாட்டேன். தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் மாலைதீவுக் குடும்பங்கள் நிறைய வாடகைக்கு இருக்கிறார்கள். மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வருபவர்கள். அவர்களுக்கு இரத்மலானை வீட்டுக்கு அடுத்த தெரு மாதிரி. ஆனால் நேரம்! அந்த மார்ச் மாதத்தில் நாட்டில் டீசலுக்கும் காஸுக்கும் வரிசை, மின்வெட்டு மணிக்கணக்கில். இரண்டு மூன்று மாதங்களுக்குள் விமான எரிபொருளும் தட்டுப்பட்டு, கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்ட விமானங்கள் தென்னிந்தியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகும் நிலை வந்தது. அந்தச் சூழலில் கிழமைக்குச் சில தடவை வரும் ஐம்பது இருக்கை விமானம் ஒன்று வேர்பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சேவை நிலைக்கவில்லை. இரத்மலானை சரிவராது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்களை நான் ஏற்பதில்லை. கடும் காய்ச்சலில் படுத்திருப்பவனை ஓடவிட்டுப் பார்த்து, ஓட்டக்காரனில்லை என்று தீர்ப்புச் சொல்வது போன்றது அது.

ஒரு விமானத்தின் கணக்கு

கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு ஏ.டி.ஆர்., 70 இருக்கைகள், வந்து திரும்பும் ஒரு சுற்று. ஆண்டுக்கு 51,100 இருக்கைகள். நான்கில் மூன்று பங்கு நிரம்புகிறது என்றால் 38,000 சொச்சம் பயணிகள். கட்டுநாயக்க 2018இல் கண்ட பயணிகள் ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம். அதாவது இரத்மலானையின் ஒரு நாள் ஒரு விமானம், கட்டுநாயக்கவின் கூட்டத்தில் 280இல் ஒரு பங்குதான்.

இந்த 38,000 பேருக்காகக் குடிவரவு அதிகாரிகள் வேண்டும், சுங்கம் வேண்டும், எக்ஸ்ரே இயந்திரம், அதை இயக்குபவர், விமானத்தின் நீளத்துக்கேற்ற தரத்தில் தீயணைப்பு வண்டியும் வீரர்களும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆட்கள், சுகாதாரப் பரிசோதகர். ஒரு விமானம் வந்தாலும் இவர்கள் வேண்டும், நான்கு வந்தாலும் கிட்டத்தட்ட இதே ஆட்கள் போதும். முதல் விமானத்தின் பயணிகள் தூக்கும் சுமையை நான்காவது விமானம் வந்துவிட்டால் நான்கு மடங்கு பேர் பகிர்ந்துகொள்வார்கள். ஆக, ஒரு விமானத்தைக் கொண்டுவந்துவிட்டு, கூட்டம் சேர்ந்தால் பிறகு கூட்டுவோம் என்று காத்திருப்பது, தொடங்கும்போதே நட்டத்தைத் தேர்ந்துகொள்வது. நல்ல கடைக்காரன் சாமானை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பதில்லை, அலமாரியை நிரப்பிவிட்டுத்தான் கதவைத் திறப்பான்.

கட்டுநாயக்கவின் பலம் கடைகளிலும் இருக்கிறது. பெரிய விமான நிலையங்கள் தரையிறங்கும் கட்டணத்தைவிடத் தீர்வையற்ற கடை, வாகனத் தரிப்பிடம், விளம்பரம், வாடகை ஆகியவற்றில் கணிசமாகச் சம்பாதிக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவர் கட்டுநாயக்கவில் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் வாங்கிக்கொண்டு வருகிறார். எழுபது பேர் வந்திறங்கும் மண்டபத்தில் அப்படி ஒரு கடை நடத்த முடியாது.

வீதிகள் மாற்றிய தூரம்

வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை ஆறு ஏழு கிலோமீற்றர். கட்டுநாயக்க நாற்பதுக்கு மேல். வரைபடத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் 2013 அக்டோபரில் 25.8 கிலோமீற்றர் நீளக் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை திறந்தபின் நேரம் சுருங்கிவிட்டது. அதைவிடப் பெரிய அடி 2019 நவம்பரில் விழுந்தது. கொழும்பின் வெளிச்சுற்று நெடுஞ்சாலை, கட்டுநாயக்க நெடுஞ்சாலையைத் தொடும் கெரவலப்பிட்டி வரை பூர்த்தியானது. காலியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் வருபவர் இப்போது கொழும்பு நகருக்குள் நுழையாமலே கட்டுநாயக்க போய்விடலாம். தெற்கு முழுவதும் எங்கள் வாடிக்கையாளர் என்று இரத்மலானை சொல்லிக்கொள்ளக்கூடிய காலம் அந்த நாளோடு முடிந்தது. எஞ்சிய எல்லை கொள்ளுப்பிட்டியிலிருந்து மொரட்டுவை வரையான கரையோரம், உள்ளே நுகேகொடை வரை. குறுகியதுதான், ஆனால் வெறுமையானதல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிகாலை, நள்ளிரவு விமானங்களுக்குப் போகும்போது வீதி வெறிச்சென்று கிடக்கும். வான்காரர் ஐம்பது நிமிடத்தில் கொண்டுபோய்விட்டு விடுவார். மாலை ஐந்து மணிக்கு அதே தூரம் இரண்டு மணி நேரம். ஆகவே இரத்மலானையின் அண்மை பகலில்தான் காசு பெறும். காலை எட்டரைக்குப் புறப்பட்டு, மாலை ஆறுக்குள் திரும்பும் விமானத்துக்கு மதிப்பு உண்டு. விடியற்காலை மூன்று மணி விமானத்தை இரத்மலானைக்குக் கொண்டுவந்தால், சுற்றிலும் தூங்கும் வீட்டுக்காரர்களின் சாபம்தான் மிச்சம்.

ஒரே முதலாளியின் இரண்டு கடைகள்

ஆய்வறிக்கைகள் மென்று விழுங்கும் இடம் இது. கட்டுநாயக்கவை நடத்துவதும் இரத்மலானையை நடத்துவதும் அரசுக்குச் சொந்தமான ஒரே நிறுவனம். தெற்கிலுள்ள மத்தளை விமான நிலையமும் யாழ்ப்பாண விமான நிலையமும் அதன் கையில்தான். இரத்மலானை இழுக்கும் ஒவ்வொரு சென்னைப் பயணியும் அதே நிறுவனத்தின் கட்டுநாயக்கவில் கடைகளில் செலவழித்திருக்கக் கூடியவர். இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட எந்த மேலாளர் இரவு பகலாக உழைப்பார்? இதற்குத் தீய நோக்கம் எதுவும் தேவையில்லை, சோம்பல் போதும்.

பிரித்தானியாவில் இதே கேள்வி எழுந்தபோது, ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட் மூன்றும் ஒரே கையில் இருப்பது போட்டியைக் கெடுக்கிறது என்று போட்டி ஆணையம் 2009இல் முடிவு செய்து, அவற்றில் காட்விக்கையும் ஸ்டான்ஸ்டெட்டையும் விற்கச் சொன்னது. நம் நாட்டில் அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு கோடிச் சொச்ச மக்களுக்கு அது தேவையுமில்லை. ஆனால் இரத்மலானைக்குத் தனி வரவுசெலவு, தனி மேலாளர், கட்டணத்தை அவரே தீர்மானிக்கும் உரிமை என்ற அளவுக்காவது பிரிக்கலாம்.

மலேசியத் தலைநகரின் பழைய விமான நிலையமான சுபாங்கை உதாரணம் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 1998இல் செப்பாங்கில் புதிய விமான நிலையம் திறந்ததும் சுபாங் ஓய்ந்துபோனது உண்மை. அதை எழுப்பிய ஃபயர்ஃபிளை, மலேசியன் ஏர்லைன்ஸின் சொந்தப் பிள்ளை. ஏ.டி.ஆர். விமானங்களை அங்கேயே தளம் போட்டு நிறுத்தி, பினாங்குக்கு நாளொன்றுக்குப் பல தடவை பறக்கவிட்டது. தவறவிட்டால் அடுத்தது உண்டு. இந்தப் பக்கம் புதுச்சேரியைப் பாருங்கள். 1,500 மீற்றர் ஓடுபாதை, மூன்று மணி நேரத்தில் சென்னை விமான நிலையம். சேவை வரும், நிற்கும், மறுபடி வரும். ஊர்க்காரர்கள் யாரும் அதை நம்பித் திருமணத் தேதி குறிப்பதில்லை.

மத்தளையைப் பற்றி ஒரு வரி போதும். 20 கோடி டொலருக்கு மேல் கொட்டி 2013இல் திறந்து, பின்னர் நெல் அடுக்கி வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். இரத்மலானைக்குப் பெரிய கண்ணாடி மண்டபம் கட்ட வேண்டும் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் அந்த நெல் மூட்டைகளை நினைத்துக்கொண்டால் சரி.

எது சம்பாதிக்கும்

என் மதிப்பீடு இதுதான். இரத்மலானையின் சோறு பயணிகள் சேவையில் இல்லை. விமானப் பயிற்சிப் பள்ளிகளின் வாடகை, பராமரிப்புக் கொட்டகைகள், தனியார் ஜெட்கள், ஹெலிகொப்டர்கள் என்பவைதான் அன்றாட வருமானம். கொழும்பில் கூட்டத்துக்கு வரும் முதலாளிக்குக் கட்டுநாயக்கவைவிட இரத்மலானை பிடிக்கும், ஜெட் நிறுத்தக் காசும் தாராளமாகத் தருவார். அது சோறு. பயணிகள் சேவை கறி. கறி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கறிக்காகச் சோற்றை விற்கக் கூடாது. பயிற்சி விமானங்களை வேறு தளத்துக்கு விரட்டிவிட்டுப் பயணிகளுக்காக இடம் ஒதுக்கலாம் என்று பேசுபவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பயணிகள் சேவை என்றால் ஒரே ஒரு பாதை. சென்னைக்குக் காலையும் மாலையும், கிழமையின் ஏழு நாளும், ஓராண்டுக்குக் குறையாமல். முதல் ஆண்டில் நிரம்பாத இருக்கைகளின் நட்டத்தில் ஒரு பங்கை விமான நிலையமே ஏற்க வேண்டும். கட்டணச் சலுகை என்பது விமானம் வந்தால்தான் பயன்படும், நட்டத்தில் பங்கு என்பது விமானத்தை வரவைக்கும். அதே விமானம் நடுப்பகலில் சும்மா நிற்கும் நேரத்தில் யாழ்ப்பாணம் போய்வரலாம். அதற்கு உள்நாட்டுப் பறப்பு உரிமை சிக்கல் உண்டு, இந்திய நிறுவனத்துக்கு அந்த உரிமை கொடுப்பதா என்ற சண்டையும் வரும். சண்டை வரட்டும், 1947இல் டக்கோட்டா போன பாதைதானே அது.

வெள்ளவத்தையில் டிக்கெட் போடும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். தி.நகருக்குக் கூறைச் சேலை எடுக்கப் போகும் குடும்பங்களே அவருடைய பாதி வியாபாரம். கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். பெட்டிக்கு எத்தனை கிலோ? 30 கிலோ இல்லாவிட்டால் கலியாணக் கூட்டம் ஏறாது. ஏ.டி.ஆர். விமானத்தில் எல்லோருக்கும் 30 கிலோ கொடுத்தால் சில இருக்கைகளைக் காலியாக விட வேண்டி வரலாம் என்றேன். அப்படியானால் திரும்பி வரும்போது மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், போகும்போது எங்கள் ஆட்கள் வெறும் பெட்டியோடுதான் போவார்கள் என்றார். எந்த ஆலோசனை நிறுவனமும் இதை எழுதித் தராது.

போன மாதம் சித்தி ஒரு கலியாணத்துக்குக் கொழும்பு வந்திருந்தார். திரும்பிப் போக விமானம் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "அன்றைக்குப் போகாவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு?" என்றார். கைப்பேசியில் அட்டவணையைத் தேடிப் பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணி பஸ்ஸில் முன்னிருந்து மூன்றாவது வரிசையில் ஜன்னல் பக்க இருக்கை ஒன்றைப் பதிவு செய்தேன்.